சத்தம் போடாத நான்கு டயர்கள்

தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது காட்டுகிறது, அண்ணா. சந்தோஷப்படாதே.

நீ கேட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. "மாத்தியாச்சா? நம்பர் எவ்ளோ காட்டுது?" இரண்டு கேள்வி, கூடவே ஒரு டயர் படம். பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. போன் செய்தால் நீ நடுவில் பேசுவாய். வீட்டுக்குப் போய்ச் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால் கடிதம். டயர்க்கடை மேட்டிலிருந்து இறங்கியதும் ஒரு மரம் இருக்கிறது. அதன் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, கடைக்காரர் கொடுத்த விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் ஒரு டயர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாதே.

முறையாகத் தொடங்கவில்லை. இப்போது தொடங்குகிறேன்.

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, ஒரே தங்கை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். காரும் சௌக்கியம். அங்கே நீயும் அண்ணியும் குட்டியும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை விட்டுவிட்டது. விலைவாசி விடவில்லை. இத்துடன் மரியாதை முடிந்தது.

டயர் விஷயம்.

நான்கும் மொட்டை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. போன மழையில் சிக்னலில் பிரேக் போட்டேன். நான் நின்றுவிட்டேன், வண்டி நிற்கவில்லை. முன்னால் நின்ற தண்ணீர் லாரியின் பின்பக்கத்தை மூக்கால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன். அவர் குனிந்து டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தன் தலையையும் ஒரு தடவை தடவிக்கொண்டார். "இதைவிட எனக்கே பரவால்லம்மா" என்றார். முழு வழுக்கை.

அன்று மாலைக்குள் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரிய மாமா போன் செய்து, முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதும், பின்னால் இருப்பது எப்படியும் முன்னால் போவதன் பின்னால்தானே வரும், அதற்கு எதற்குப் புதுசு என்றார். அம்மாவிடம் கேட்டேன். "வட்டமா இருந்தா சரி" என்றாள். நீ அட்டவணை அனுப்பினாய். பச்சை, மஞ்சள், சிவப்பு. நம்முடையது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற வண்டி, அதற்கென்று லேசாக உருள்கிற டயர் இருக்கிறது, சாலையோடு மல்லுக்கட்டாது, பெட்ரோல் மிச்சம், நம்பர் விழாது, ஒரே குறை அது கொஞ்சம் சத்தம் போடும் என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியில், "சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை."

அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். லாரிக்குப் பின்னால் நின்ற மாதிரி இல்லை. நன்றாகவே நின்றுவிட்டேன்.

முதலில் நம்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது புரியாது என்று நீ நினைக்கிறாய். புரியும். அப்பா அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற சராசரியை ஒரு தடவைகூட அழிக்கவில்லை. திரையின் ஓரத்தில் இருபத்தாறு புள்ளி நாலு. அதற்காக அவர் எப்படி ஓட்டினார் என்று உனக்கும் தெரியும், மடியில் பச்சைக் குழந்தை தூங்குகிற மாதிரி. சிக்னல் கண்ணில் படுவதற்கு முன்பே காலை எடுத்துவிடுவார், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் நம் வம்சத்தையே விசாரிப்பார்கள், அவர் அந்த நம்பரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். ஹாரன் அடித்தால் பெட்ரோல் குறையும் என்று நம்பினார். டிக்கியில் கிடந்த குடையை எடை என்று சொல்லி எடுத்து வீட்டில் வைத்தார், பிறகு மழையில் நனைந்துகொண்டே வந்தார், துணி ஈரமானால் எடை கூடுமே அப்பா என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நீ சொன்னது சரிதான், குடையை வெச்சுடலாம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

அவர் போட்ட ஒவ்வொரு பிரேக்கும் அந்தச் சராசரிக்குள் இருந்தது. அதனால்தான் நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். தெரியும்.

ஆனால் ஒன்றை நீ தூரத்திலிருந்து பார்த்திருக்க முடியாது. நான் ஓட்ட ஓட்ட அது இறங்கியது. இருபத்தாறு புள்ளி மூன்று. பிறகு புள்ளி ஒன்று. நான் மோசமாக ஓட்டுகிறேன் என்பது மட்டுமல்ல காரணம். சராசரியின் குணமே அதுதான். அவர் பங்கு நின்றுவிட்டது, என் பங்கு சேர்ந்துகொண்டே போகிறது. எந்த டயர் போட்டாலும் அது அப்படித்தான்.

இப்போது அம்மா.

உன் வண்டியைப் போல இல்லை இது. நம் தெருவுக்குள் திரும்பியதும் என்ஜின் தூங்கிவிடும், பேட்டரியில் ஊர்ந்து வரும். ஆள் வருவது தெரியாமல் வந்து நிற்கிற வண்டி. அப்படியும், நான் கேட்டருகே வருவதற்குள் அம்மா அங்கே நிற்கிறாள். தினமும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று, ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:

"நீயா."

கேள்வி இல்லை. ஆச்சரியமும் இல்லை. சொல்லிவிட்டு, "வா, காபி ஆறுது" என்று திரும்பி நடக்கிறாள்.

நான் படித்தவள், அண்ணா. எனக்குக் காரணம் வேண்டும். அப்பா அத்தனை வருஷம் அந்த நேரத்துக்கு அந்த வண்டியில்தான் வேலையிலிருந்து வந்தார். நான் முதலில் ஹாஸ்டலில், பிறகு வேறு ஊரில் வேலையில். டாக்டர் அப்பாவை இனி ஓட்டக் கூடாது என்று சொன்ன பிறகுதான் நான் ஊர் திரும்பினேன், சாவி என் கைக்கு வந்தது, அது கடைசிச் சில மாதம். அப்போதெல்லாம் நான் வரும்போது கேட் ஆவென்று திறந்து கிடக்கும். "நாய் உள்ளே வந்துடும், யாரு இப்படித் திறந்து போடறது" என்று கத்திக்கொண்டே இறங்குவேன். அப்பா நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். அம்மா எழுந்து வந்து நின்றதாக ஞாபகமே இல்லை. எல்லாம் அப்பா போன பிறகு. ஆகவே அம்மாவின் காது பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது என்று முடிவு செய்தேன். என்ஜின் சத்தம் கிடையாது. மிச்சம் இருப்பது டயர் சத்தம். நம் தெருக் கல்லில் அது ஸ்ஸ் என்று ஒரு மாதிரி இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு அப்பா வருகிறார். கேட்டுக்கு வந்து பார்த்தால் நான்.

நீயா.

ஒருநாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் வேலை முடிந்து சொந்த வீட்டு வாசலுக்கு, அப்பாவாக இல்லாமல் வந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசி.

பரிசோதித்தேன். ஒருநாள் தெரு முனையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை, உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆக, வண்டிதான். இன்னொரு நாள் பாட்டை அலறவிட்டு வந்தேன், அப்படியும் வந்து நின்றாள். மழை கொட்டிய அன்று ஒன்றும் கேட்காது என்று நினைத்தேன், குடையோடு நின்றாள். ஈரத் தரையில் டயர் சத்தம் கூடும் என்று நீ அனுப்பிய கட்டுரையிலேயே இருந்தது, பொருந்திவிட்டது. நேராகவும் கேட்டுப் பார்த்தேன்.

"அம்மா, நான் வர்றது உனக்கு எப்படித் தெரியுது?"

"தெரியும்."

"எப்படி?"

"இதென்ன கேள்வி. தெரியும்னா தெரியும்."

இதற்குமேல் அம்மாவிடம் கேட்க முடியாது. உனக்கே தெரியும்.

ஆகவே டயர்க்கடை. மேட்டின் உச்சியில் இருக்கிறது. கடைக்காரர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார், உன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. அவருக்கு டயர்கள் எல்லாம் மனிதர்கள். "இது சாது, தங்கச்சி. போட்டா போட்ட இடத்துல இருக்கும். இது கொஞ்சம் முன்கோபி, ஆனா மழையில உங்களை விட்டுக் கொடுக்காது. இது இருக்கே, சிக்கனம். உங்க வண்டிக்குன்னே பொறந்தது." அந்தச் சிக்கனம்தான் உன் அட்டவணையில் பச்சை. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எது சத்தமே போடாது என்று கேட்டேன்.

"சத்தமா? எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க, விலை கேப்பாங்க. நீங்க சத்தம் கேக்கறீங்க."

"அம்மாவுக்காக."

"வண்டியில தூங்குவாங்களா?"

"வண்டியிலயே வரமாட்டாங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இது பேசவே பேசாது என்றார். பெட்ரோல் மட்டும் கொஞ்சம் தின்னும், வாய் திறக்காதவங்க எல்லாம் நல்லாச் சாப்பிடுவாங்க இல்லையா என்று அவரே சிரித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. எந்த அளவுக்குச் சத்தம் வராது, காட்டுங்கள் என்றேன். எப்படிக் காட்டுவது என்றார். நான் உள்ளே அறையில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் வாசலில் உருட்டுங்கள், எனக்குக் கேட்கிறதா பார்க்கலாம் என்றேன். இதை எழுதும்போதுதான் இது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது, அப்போது ரொம்ப விஞ்ஞானமாக இருந்தது. அந்த மனிதர் இத்தனை வருஷத் தொழிலில் யாரும் கேட்காததை நான் கேட்டுவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக ஒத்துக்கொண்டார். உள்ளே போனேன். ரப்பர் வாசனை, ஒரு காலண்டர், ஒரு மின்விசிறி. மின்விசிறியை நிறுத்தினேன். கண்ணை மூடினேன். காத்திருந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. எவ்வளவு நல்ல டயர் என்று நினைத்தேன். இன்னும் காத்திருந்தேன். பிறகு தூரத்திலிருந்து யாரோ "ஏய் ஏய் பிடி பிடி" என்று கத்துவது மட்டும் கேட்டது.

வெளியே வந்தால் கடைக்காரர் இல்லை. டயரும் இல்லை. அவர் உருட்டிய டயர் வாசலைத் தாண்டி, சாலைக்கு வந்து, மேட்டில் இறங்கிவிட்டது. தையல்கடையில் துணி கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் பக்கத்தில் என்னவோ போகிறதே என்று திரும்பும்போது அது அவரைக் கடந்துவிட்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை. கடைசியில் இந்த மரத்தில், இப்போது நான் உட்கார்ந்திருக்கிற இதே மரத்தில் முட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு அதை மேலே தள்ளிக்கொண்டு வந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். முகம் முழுக்கப் பெருமை.

"பார்த்தீங்களா தங்கச்சி? ஒருத்தருக்குக்கூடக் கேக்கல."

நான்கு போடுங்கள் என்றேன்.

ஆக, உன் பச்சை இல்லை. மஞ்சள்கூட இல்லை. உன் அட்டவணையில் சிவப்புக் கட்டத்தில் கடைசியில் இருக்கிறதே, அது. கோபப்படு. ஆனால் கொஞ்சம் பொறு. இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

போட்டு முடித்ததும் கடைக்காரர் ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தார். புது டயருக்கு எவ்வளவு காற்று என்று வண்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தார். நான் வெளியே பழைய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியிலிருந்து பீப் என்று வந்தது. வழக்கம்போல எதையோ குறை சொல்கிறது என்று நினைத்தேன். இந்த வண்டிக்கு அதே வேலை. பெல்ட் போடு என்னும், கதவை மூடு என்னும், வீட்டு வாசலில் வந்து நின்றால்கூட ஏதோ ஒரு பெட்டி திரையில் எழும்பும், நான் அதைப் படிப்பதேயில்லை, "சரி"யை அமுக்கிவிட்டு இறங்கிவிடுவேன். திரும்பிப் பார்த்தேன்.

இருபத்தாறு இருந்த இடத்தில் மூன்று கோடுகள்.

"அண்ணே, எந்தப் பட்டனை அமுக்கினீங்க?"

"இதைத்தான். ஓ, இது இல்லையோ. அதுவா?" இரண்டாவது பட்டனை அழுத்தினார். அதுதான் காற்றுக்கானது. "இப்போ சரியாயிடுச்சு."

"முதல்ல அமுக்கினது?"

"அது வெறும் கணக்குத்தான் தங்கச்சி. பழசு போயிருக்கும். புது டயரு, புதுக் கணக்குன்னு வெச்சுக்குங்க."

அது யாருடைய கணக்கு, அண்ணா. அவருக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். மேட்டிலிருந்து இறங்கினேன். இறக்கம் என்பதால் என்ஜின் எழுந்திருக்கவே இல்லை, ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை. கோடுகள் போய் நம்பர் வந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. அதற்குமேல் காட்ட அந்தத் திரைக்குத் தெரியாது. அப்பா இதைப் பார்த்திருந்தால் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கிற ஊராகப் பார்த்து வீடு மாறியிருப்பார். இதை நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வண்டியை இங்கே நிறுத்திவிட்டேன்.

என்ஜினை எழுப்பினால் நம்பர் இறங்க ஆரம்பித்துவிடும். அது எனக்குப் பரவாயில்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான். இன்றைக்கு அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. நான் இறங்கி நானே கேட்டைத் திறந்துகொள்வேன். அவள் உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒருத்தரும் நீயா என்று சொல்ல மாட்டார்கள். இதைத்தானே விரும்பினேன். இவ்வளவு நேரமாக இந்த மரத்தடியில் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

உனக்கு அந்த நம்பர். அம்மாவுக்கு அந்தச் சத்தம். ஒரே நாளில் இரண்டையும் போக்கிவிட்டேன். எனக்கு நான்கு டயர் மிச்சம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். குட்டிக்குக் கன்னத்தில் ஒன்று. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. எல்லாரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மெதுவாகப் பிரேக் போடுங்கள்.

இப்படிக்கு,
நம்பரைத் தொலைத்த
உன் தங்கை

பின்குறிப்பு:

உறை வாங்க மறந்ததால் இந்தக் கடிதம் இரண்டு நாளாக என் பையிலேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியது எல்லாம் தப்பு.

அன்று வந்தேன். சொன்னபடியே சத்தம் இல்லை, எதிர்வீட்டு வாசலில் படுத்திருக்கிற நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. அம்மா கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். எட்டிப் பார்த்தாள்.

"நீயா."

எனக்கு டயரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது. மறுநாளும் அதேதான்.

இன்று சனிக்கிழமை, எனக்கு லீவு. டயர்க்கடைக்காரர் கொஞ்சம் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு தடவை முறுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார், இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு நான் சமையலறையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். வெளியே அவர் வண்டியைக் கிளப்பியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலோரம் அப்பாவின் சாமான்கள் இருக்கிற எவர்சில்வர் தட்டு இருக்கிறதே, கண்ணாடி, பேனா, போன், எல்லாம் அம்மா எடுக்காமல் வைத்திருக்கிறாளே, அந்தத் தட்டு டர்ர் என்று அதிர்ந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. போன் தட்டுக்குள் கொஞ்சம் நகர்ந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்தவள் எதிரே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"அம்மா. அந்தப் போன் இன்னும் வேலை செய்யுதா?"

"தினமும் சார்ஜ் போடறேனே."

"எதுக்கு?"

"உன் வண்டி வந்தா சொல்லும். அண்ணன்தான் வெச்சுக் கொடுத்தான், இவருக்கு முடியலைன்னு பார்க்க வந்தப்போ. நீ புதுசா ஓட்ட ஆரம்பிச்ச நேரம். பொண்ணு வந்துட்டாளா வந்துட்டாளான்னு உங்க அப்பா என் உயிரை எடுப்பாரு. வண்டி வாசலுக்கு வந்தா இவர் போன் அதிரும்னு ஏதோ பண்ணிக் கொடுத்தான். காதுல விழணும்னு இவரு தட்டுல வெச்சுக்கிட்டாரு."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ இதை ஒருதரம்கூடச் சொன்னதில்லை. செய்துவிட்டு மறந்திருப்பாய், நீ செய்கிற எல்லாமே அப்படித்தான்.

"அப்போ நீ அப்பா வர்றார்னு நெனச்சு எழுந்திரிக்கறது இல்லையா?"

"உங்க அப்பா எப்படிடி வருவாரு?" அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அவருக்கு நான் எப்போ கேட் திறந்தேன்? அவரே இறங்கித் திறந்துக்குவாரு. ஹாரன்கூட அடிக்க மாட்டாரு, பெட்ரோல் போயிடும்னு. இது உனக்கு. தட்டு அதிர்ந்ததும் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துட்டு, நீ பார்க்கறதுக்குள்ள உள்ள வந்து பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வெச்சுக்குவாரு. நீ பார்த்துட்டா, என்னை நம்பலையா, ஒழுங்கா ஓட்ட மாட்டேன்னு நெனச்சியான்னு சண்டை போடுவியாம். நீ நாய் வரும் நாய் வரும்னு கத்திக்கிட்டு வருவே. அவரு பேப்பருக்குப் பின்னாடி சிரிச்சுக்கிட்டு இருப்பாரு."

நான் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ அவரு இல்ல. அது இன்னும் அதிருது. யாராவது எழுந்து போகணும்ல."

"அது சரி. அதுக்கு ஏன் தினமும் நீயா நீயான்னு கேக்கறே? வேற யாரையோ எதிர்பார்த்த மாதிரி?"

"வேற என்ன சொல்றது? உங்க அப்பா உள்ள வந்து என்கிட்ட 'வந்துட்டா'ம்பாரு. அவருக்குச் சொல்ல நான் இருந்தேன். நான் யார்கிட்டப் போய்ச் சொல்வேன்? வாசல்ல நிக்கிறது நீ. உன்கிட்டயே 'வந்துட்டா'ன்னு சொல்ல முடியுமா?"

நான் படித்தவள் என்று மேலே எழுதியதை அடித்துவிடு.

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "டயரை எல்லாம் மாத்தினியே, அதுல இது நின்னுடுமோன்னு எனக்கு ஒரே பயம். உன்கிட்டக் கேட்டா சிரிப்பே. அன்னைக்குச் சாயந்தரம் அது அதிர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. நிக்காது இல்ல?"

"நிக்காதும்மா. டயருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்போ எதுக்கு மாத்தினே?"

வெளியே போனேன். கடைக்காரர் நட்டுகளை முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அம்மா தொந்தரவு இல்லாம இருக்காங்களா தங்கச்சி?" என்றார். இருக்கிறாள் என்றேன். திரையில் அந்தப் பெட்டி இன்னும் இருந்தது. முதல் தடவையாகப் படித்தேன். "அப்பா இணைந்தார்." ப்ளூடூத்தில் நீ அந்தப் போனுக்கு வைத்த பெயர் அப்பா. கீழே "சரி".

நம்பர் இப்போது இருபத்தொன்று. இனி கேட்காதே. கேட்டால் சொல்வேன்.

உள்ளே வந்து அந்தப் போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜர் வயர் கழுத்தில் பிய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. டேப் சுற்றினேன். சொருகினேன். தட்டில் வைத்தேன்.